பல்லியும் விமோசனமும்

பல்லியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பல்லியைப் பார்த்ததுதான் குறைவு. தலையில் விழுந்தால் ஒரு பலன், தோளில் விழுந்தால் இன்னொன்று. ஊருக்குச் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுவதைப் பழமொழி கேலி செய்கிறது. விழுந்ததை எடுத்துவிடச் சொல்லவில்லை.

காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லிக் கதையும் இப்படித்தான். பூஜைக்குக் கொண்டுவந்த நீரில் பல்லி இருந்ததைக் கவனியாத சீடர் இருவர் பல்லியாகும்படி சபிக்கப்பட்டு, அங்கே விமோசனம் பெறுகிறார்கள். பல்லியாக இருப்பதே தண்டனை; மீட்பு என்பது அதிலிருந்து வெளியேறுவது. குடத்திலிருந்த பல்லி கதையின் அக்கறை அல்ல. நிஜப் பல்லி மேலே பட்ட தோஷம் தீர, உலோகப் பல்லியைத் தொட்டுக்கொள்கிறோம்.

செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்கு உத்தரங்களில் பல்லிக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை, அதுவே எடுத்துக்கொண்டது. அதற்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் இன்று நகரங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்க்கப்படும் சிறுத்தைப் பல்லியின் நிலை வேறு. அதன் இனம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட கல்நிலத்தைச் சேர்ந்தது. சுவரில் ஒட்டும் விரல் அதற்கில்லை; மூடித் திறக்கும் இமை உண்டு; கொழுப்பை வாலில் சேமிக்கிறது. போதிய வெப்பம் இல்லையெனில் உண்டது செரிக்காது. சுண்ணாம்புச் சத்து குறைந்தால் தாடை மெலிந்து எலும்பு வளையும். உரியாத தோல் விரலைச் சுற்றி இறுகி, ரத்தம் நின்று விரலே உதிரும். வளர்ப்பவனுக்கு அலுத்துப்போன பின்னும் அது பல ஆண்டுகள் வாழக்கூடியது. இருபது ஆண்டு வாழ்பவையும் உண்டு.

இப்படிக் கைவிடப்பட்டதை எடுத்துப் பேணுகிறவர் என்ன செய்கிறார்? வெதுவெதுப்பான ஈரத்தில் தோலை ஊறவைத்துப் பஞ்சால் மெல்ல நீக்குகிறார். பூச்சியைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிக் கொடுக்கிறார். வால் மீண்டும் தடிக்கிறது. வளைந்த எலும்பு பெரும்பாலும் நிமிர்வதில்லை. வெளியே விடவும் வழியில்லை. தலைமுறைகளாகப் பண்ணையில் பிறந்ததற்குத் திரும்பிப்போக ஒரு காடு இல்லை. மீட்பின் முடிவில் இருப்பது இன்னொரு பெட்டி, சற்று நல்ல பெட்டி.

இதைக் கருணை என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம். கருணை கொடுப்பவனை உயர்த்துகிறது. இங்கே நோயை உண்டாக்கியதே பெட்டி. பெட்டியைச் செய்தது நம் இனம். வட்டிக் கணக்கு அறிந்த இந்த ஊருக்குப் பொருத்தமான சொல் கடன். முதலைத் திருப்ப முடியாது. வட்டியை மட்டும் நாள்தோறும் கட்டலாம். விலங்குவதைத் தடுப்புக்கான 1960ஆம் ஆண்டுச் சட்டம் மனிதன் அல்லாத எல்லா உயிரையும் விலங்கு என்றே சொல்கிறது. ஆனால் சட்டம் கேட்பது வதையாமையை. கடன் அதற்கு மேலும் கேட்கிறது. பேணுகிறவர் கடன்பட்டவர்கூட அல்ல. பிறர் வாங்கிய கடனுக்குக் கையெழுத்திட்டவர்.

பதிலுக்கு அவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. பல்லி நன்றி காட்டாது, பலனும் சொல்லாது. பல்லியாக இருப்பதிலிருந்து அதை விடுவிக்க அவர் முயலவில்லை. அது பல்லியாகவே இருக்கத் தேவையான வெப்பத்தைத் தருகிறார். புராணத்துக்குத் தெரியாத விமோசனம் இது.