கல்லும் காமிராவும்

ஒரு படம் நன்றாக இருக்கிறது. அதை எடுப்பதற்காகச் செய்த காரியம் நன்றாக இல்லை. படத்தைப் பார்க்கிறவருக்கு அந்தக் காரியம் தெரியவும் தெரியாது. அப்படியானால் அது நல்ல படம்தானா?

வேலையற்றவன் கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனாலும் சில மாதங்களாக இது என்னை விடவில்லை. காரணம், என் நண்பர் ஒருவர் எடுத்த புகைப்படம். எண்ணூர் கழிமுகத்துச் சேற்றுத் திட்டிலிருந்து நூறு இருநூறு உள்ளான்கள் ஒரே வீச்சில் எழும்பித் திரும்புகின்றன. பாதிப் பறவைகளின் வயிற்று வெண்மை வெயிலில் பளீரென்கிறது; மீதியின் முதுகு சாம்பல் நிறம். பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. "பிரமாதம் ஸார், எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டேன். "தானாகக் கிடைக்குமா? படகுக்காரப் பையனிடம் ஒரு கல் விட்டெறியச் சொன்னேன்" என்றார், ரசத்துக்குப் பெருங்காயம் போட்ட கதையைச் சொல்வது போல.

அந்தச் சமயத்தில் நானும் பறக்கும் பறவையைப் படம் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். எனக்குப் பள்ளிக்கூடம் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம். காலையில் ஏலம் முடிந்து, குடலும் செதிலும் சிதறிக் கிடக்கும் நேரத்தில் பருந்துகள் தாழ இறங்கும். கூட்டத்தில் ஒரு செம்பருந்து வந்துவிட்டால், கூடையை இறக்கிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற பெண்களும் உண்டு. அவர்களுக்கு அது கருடன். எனக்குக் கணக்குப் பாடம்.

கணக்கு இதுதான். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பருந்து ஒரு வினாடியில் 10 மீட்டர் போகிறது. ஷட்டரை அறுபதில் ஒரு பங்கு வினாடி திறந்து வைத்தால், அதற்குள் அது ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் பருந்து இராது. உதறிய துணி போல ஒரு கறைதான் இருக்கும். இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் அரை சென்டிமீட்டர்தான், இறகுகளை எண்ணலாம். ஆனால் நேரம் குறைந்தால் உள்ளே வரும் வெளிச்சமும் குறையும். ஈடுகட்ட லென்ஸின் துவாரத்தைப் பெரிதாக்கலாம். அப்போது அலகு தெளிந்து வால் மங்கும். இல்லையென்றால் ஐ.எஸ்.ஓ. எண்ணை ஏற்றலாம், ஏற்றினால் படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளி விழும். போதாக்குறைக்கு, வெளுத்த வானத்தைப் பார்த்துக் காமிரா ஏமாந்துபோய்ப் பறவையைக் கரிக்கட்டையாக்கிவிடும். அதற்காக அது சொல்வதைவிட ஒரு படி வெளிச்சம் கூட்டிவைக்க வேண்டும். பறவையைத் தொடர்ந்து கொண்டே போகும்படி போகஸையும் மாற்றி வைக்க வேண்டும்.

இத்தனை பாடும் எதற்கு? பறவை தன் இஷ்டத்துக்கு எழும்புகிற அந்த ஒரு நிமிஷத்துக்கு நாம் தயாராக இருப்பதற்கு. நண்பரும் இவ்வளவையும் என்னைவிட நன்றாகவே கற்றவர். கற்றுவிட்டு, அந்த நிமிஷத்தையும் தாமே உண்டாக்கிக்கொண்டார். எனக்கு நெருடுவது அந்த இடம்தான்.

"காசிமேட்டில் குடலைப் பார்த்துத்தானே பருந்து வருகிறது? அதுவும் சூழ்ச்சிதானே?" என்று மடக்கினார். யோசித்துப் பார்த்தேன். பருந்து வயிற்றுக்காக வருகிறது, வந்ததற்குக் கூலியும் கிடைக்கிறது. உள்ளான் பயத்தில் எழும்புகிறது. அதற்குச் செலவைத் தவிர ஒன்றுமில்லை. சைபீரியா போன்ற வடக்கத்திப் பிரதேசங்களிலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வரும் பறவைகள் அவை. நீர் வற்றிச் சேறு தெரியும் சில மணி நேரம்தான் அவற்றுக்குச் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறது. அதற்குள் புழுவையும் பூச்சியையும் பொறுக்கி, திரும்பிப் போகிற தூரத்துக்கான கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். ஒரு கல்லில் போவது அந்த நேரமும் அந்தக் கொழுப்பும்.

1882-ல் மாரே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, பறவை பறக்கும் விதத்தை ஆராய்வதற்காக ஒரு காமிரா செய்தார். துப்பாக்கி வடிவம். தோளில் அணைத்துக் குறிபார்த்து விசையை இழுத்தால் வினாடிக்கு 12 படங்கள். குண்டு மட்டும் கிடையாது. பறவையை அறிய விரும்பியவர்கள் பெரும்பாலும் அதைச் சுட்டு வீழ்த்தியே அறிந்துகொண்டிருந்த காலம் அது. மாரே குறிபார்த்த பறவை தன் வழியே போயிற்று. கல் எறிகிறவர் அந்தத் துப்பாக்கியில் மறுபடி கொஞ்சம் ரவை போடுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் சென்னையிலேயே மா. கிருஷ்ணன் (1912–1996) இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் பிள்ளை. பல காமிராக்களின் பாகங்களைத் தாமே பூட்டிச் செய்த ஒரு கனத்த கருவியைத் தூக்கிக்கொண்டு காடுகளில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தவர். வசதி குறைந்தால் பொறுமை தானாக வரும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். அந்தக் காலத்திலும் கற்கள் இருந்தன.

நண்பர் கேட்டதில் பலமான கேள்வி வேறொன்று. "சாம்பல் கொட்டிக் கழிமுகத்தைத் தூர்த்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து பரவியது. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெய் படிந்து நின்றதைப் பத்திரிகையில் பார்த்தோம். அவ்வளவுக்கும் நடுவில் என் ஒரு கல்தானா உம் கண்ணை உறுத்துகிறது?"

அந்தக் கூழைக்கடாப் படங்கள் எனக்கும் நினைவிருக்கின்றன. அவற்றை எடுக்க இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வினாடி தேவைப்பட்டிராது. மீனவர்கள் கையால் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். வலையும் படகும் பாழ். அதன் பக்கத்தில் கல் அற்பம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் சொல்கிற அதே காரணத்தினால்தான் எனக்கு அது அற்பமாகப் படவில்லை. பரந்த சதுப்பாக இருந்தால் துரத்தப்பட்ட பறவை அடுத்த திட்டில் போய் இறங்கும். இங்கே அடுத்த திட்டு எங்கே? சாம்பலும் எண்ணெயும் போக மிஞ்சிய சேற்றில்தான் அந்தக் கல் விழுந்தது.

சரி, படம் நல்ல படம்தானா? நல்ல படம்தான், இல்லை என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் விஷயம் தெரிந்த பிறகு பார்த்தால், அந்தப் பறவைகள் பறப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தப்பி ஓடுவதாகத் தோன்றுகிறது. கதையில், ஆசிரியன் தன் சௌகரியத்துக்காக ஒரு பாத்திரத்தை எழுப்பி நடக்க விட்டால் வாசகர்கள் உடனே கண்டுபிடித்துக் கடிதம் எழுதிவிடுகிறார்கள். புகைப்படக்காரர்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

கல் இல்லாமலும் காரியம் நடக்கும். நீர் ஏற ஏறச் சேறு முழுகும். உள்ளான்கள் தாமாகவே எழும்பி மேட்டுக்கு மாறும். பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்பும், இறங்கும். காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் நம் முகம் பார்த்து வரும். இதை நண்பரிடம் சொன்னேன்.

"உமக்கென்ன, எழுதுகிறவர். எனக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அன்றைக்கு நீர் ராத்திரியில் ஏறினால்?" என்றார்.

இதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் பகலில் எந்த நேரத்தில் நீர் ஏறும் என்று காட்டுக்குப்பத்து மீனவர்களிடம் விசாரித்து, அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.