குற்றமில்லாத கடன்

1865-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதருக்குரிய கப்பலொன்றிலிருந்து இயேசு சபைக் குரு ஒருவர் வெண்ணிற வட்டத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி மத்தியதரைக் கடலுக்குள் இறக்கினார். எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ அந்த ஆழமே நீரின் தெளிவுக்கு அளவு. ஆஞ்செலோ செக்கி என்னும் அக்குருவை, விண்மீன்களின் ஒளியைப் பகுத்து வகைப்படுத்தியவர் என்று வானியலார் போற்றுகின்றனர். ஆயினும் ஏரிகளைக் காப்போரின் கையில் இன்றும் இருப்பது அந்தத் தட்டுதான். (குருமடத்தில் எங்களுக்கு இவரைப் பற்றி எவரும் சொல்லித் தந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

அத்தட்டு இறங்கும் நீர்நிலைகளுள் ஒன்று நியூசிலாந்தின் வடதீவிலுள்ள தௌப்போ ஏரி. எரிமலை வெடித்து உண்டான பள்ளத்தில் 616 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. வைக்காத்தோ ஆறு இங்கிருந்தே புறப்படுகிறது. 1989-இல் அந்நாட்டில் வட்டார மன்றங்கள் அமைக்கப்பட்டபோது, அவற்றின் எல்லைகளைப் பெரும்பாலும் ஆற்று வடிநிலங்களை ஒட்டியே வரைந்தனர். நீர் ஓடும் வழியே ஆட்சியும் ஓடவேண்டும் என்பது நல்லதோர் எண்ணமே. 1991-ஆம் ஆண்டுச் சட்டம் நீர், நிலம், காற்று ஆகியவற்றின் நிலையைக் கண்காணிக்கும் கடமையை இம்மன்றங்களின்மேல் சுமத்தியது. வைக்காத்தோ வட்டார மன்றத்தார் தௌப்போவில் தட்டை இறக்கிப் பார்த்தனர். ஏறத்தாழ 15 மீட்டர் வரை தெரிந்தது. பார்ப்பவர் எவரும் குறை சொல்ல முடியாத ஏரி. ஆனால் ஏரியில் வந்து விழும் ஓடைகளிலும் நிலத்தடி நீரிலும் நைட்ரஜன் ஏறிவருவதை அளவீடுகள் காட்டின. நைட்ரஜன் மிகுந்தால் பாசி பெருகும். பாசி பெருகினால் தெளிவு போய்விடும்.

அது வந்த கதையை அறிந்தாலன்றி அறக்கேள்வி விளங்காது. ஏரியைச் சூழ்ந்த நிலம் எரிமலை கக்கிய நுரைக்கல் மண். முற்காலத்தில் அங்கே மேய்ந்த ஆடுமாடுகள் காரணம் தெரியாமல் மெலிந்து மடிந்தன. மண்ணில் கோபால்ட் என்னும் தனிமம் போதாமையே காரணமென 1930-களில் கண்டறியப்பட்டது. அதன்பின் அரசே முன்னின்று புதர்க்காடுகளை அழித்துப் புல்வெளிகளாக்கிக் குடியானவர்களை அமர்த்தியது. பால் பெருகிற்று, நாடு பாராட்டியது. ஒரு மாடு ஓரிடத்தில் பெய்யும் சிறுநீரிலுள்ள நைட்ரஜன் முழுவதையும் அங்குள்ள புல் உறிஞ்சிவிட முடியாது. மிஞ்சியது மழையோடு நுரைக்கல் மண்ணில் இறங்கி, நிலத்தடி நீரில் கலந்து, மெல்ல மெல்ல ஏரியை நோக்கி நடக்கிறது.

மெல்ல என்றால் எவ்வளவு மெல்ல? 1950-களிலும் 60-களிலும் வானில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் மழைநீரில் கலந்த டிரிட்டியம் என்னும் கதிரியக்கப் பொருளைக் கொண்டு நிலத்தடி நீரின் வயதை அறிவியலார் கணிக்கின்றனர். அதன்படி, தௌப்போவுக்கு வரும் நீரின் பெரும்பகுதி மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் கிடந்து வருவது. இன்று ஏரியைச் சேரும் மாசு தந்தையர் காலத்து மாடுகளுடையது. இன்றைய மாடுகளுடையது பேரர்கள் காலத்தில் வந்து சேரும். எல்லா மாடுகளையும் இன்றே ஓட்டிவிட்டாலும், வழியில் இருப்பது வந்தே தீரும்.

சில ஆண்டுகளுக்கு முன் பங்குத்தந்தை இல்லத்துக்கு ஒருவர் வந்தார். நிலத்தை அளந்தபோது, அவருடைய தகப்பனார் காலத்திலிருந்தே அடுத்தவரின் நிலத்தில் நான்கடி சேர்த்து உழுதுவந்தது தெரியவந்ததாம். எல்லைக்கல்லை யார் நகர்த்தினார், எப்போது நகர்ந்தது என்று எவருக்கும் தெரியவில்லை. "அளக்காமலே இருந்திருக்கலாம் சாமி" என்றார். அவருடைய வருத்தம் முழுவதும் அந்த ஒரு சொற்றொடரில் இருந்தது.

தந்தையர் புளித்த திராட்சை தின்றதால் பிள்ளைகளின் பல் கூசுகிறது என்ற பழமொழியை எசேக்கியேல் இறைவாக்கினர் மறுக்கிறார். குற்றம் செய்தவரையே சேரும். ஆனால் குற்றம் வேறு, கடன் வேறு என்று நமது அறநெறி இறையியல் பகுத்துச் சொல்கிறது. பிறர் பொருளை அறியாமல், நல்லெண்ணத்தோடு வைத்திருப்பவன் திருடன் அல்லன். அவன் உண்டு தீர்த்ததற்கு அவனிடம் கணக்குக் கேட்பதில்லை. ஆயினும் உண்மை தெரிந்த நாள் முதல், கையில் எஞ்சியிருப்பதை உரியவரிடம் சேர்க்கும் கடமை அவனுக்கு உண்டு. தௌப்போவின் உழவர்கள் இந்த நிலையில்தான் இருந்தனர் என்று எனக்குத் தோன்றுகிறது. அரசு சொன்னதைச் செய்தவர்களைக் குற்றவாளிகள் என்பது அநீதி. தெரிந்த பின்னும் எதுவும் மாறவேண்டாம் என்பதும் அநீதியே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. என்னிடம் வந்தவருக்கு உரிமை கேட்க அடுத்த வயல்காரர் இருந்தார். ஏரியின் காரியத்தில் உரியவர் இன்னும் பிறக்காதவர். தலைமுறைகளுக்கு இடையிலான நீதி என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் வலியுறுத்தியது இவர்களைக் குறித்தே. இவர்கள் சார்பில் யாராவது படகில் போய் அளந்தால்தான் உண்டு.

மன்றம் 2005-இல் ஒரு திட்டத்தை முன்வைத்தது. நீதிமன்ற வழக்குகளுக்குப் பின் 2011-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பண்ணையிலிருந்தும் கசியும் நைட்ரஜனுக்கு உச்சவரம்பு. 2080-க்குள் ஏரியை 2001-இல் இருந்த நிலைக்குக் கொண்டுவருதல் குறிக்கோள். முன்னேறுவதற்கன்று, இருந்ததை மீட்பதற்கே அத்தனை ஆண்டுகள்! நடுவண் அரசும் வட்டார மன்றமும் மாவட்ட மன்றமும் சேர்ந்து சுமார் 8 கோடி நியூசிலாந்து டாலர் திரட்டி, 2007-இல் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தன. மேய்ச்சலைக் குறைக்கவும் நிலத்தை மரக்காடாக்கவும் முன்வந்த உழவர்களுக்கு அப்பணம் சென்றது. சுமையை உழவர் தலைமேல் மட்டும் ஏற்றாமல், அவர்களுடைய பாலை உண்ட நாடும் பங்கேற்றது முறையான செயல் என்பேன்.

என் மனம் ஒப்பாதது உச்சவரம்பைக் கணித்த விதம். 2001 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில் மிகுதியாகக் கசிந்த ஆண்டின் அளவே அப்பண்ணையின் உரிமையாயிற்று. அதாவது மிகுதியாக மாசுபடுத்தியவருக்கு மிகுதியான உரிமை. அவ்வடிநிலத்தில் பரந்த நிலங்களை உடையவர்கள் ங்காத்தி தூஃபாரெத்தோவா என்னும் மாவோரி குலத்தார். 1926-இல் அரசு தனதாக்கிக்கொண்ட ஏரிப்படுகையே 1992-இல்தான் அவர்களிடம் திரும்பியது. அவர்களுடைய நிலத்தில் பெரும்பகுதி மரக்காடாக இருந்தது. காடாக வைத்திருந்தவருக்குக் காட்டின் அளவே உரிமை. இனிப் பண்ணையாக்க விரும்பினால் பெரும்பாலும் பிறரிடம் உரிமையை விலைக்கு வாங்கவேண்டும். ஊதாரி மைந்தனின் அண்ணன் வாசலில் நின்று முணுமுணுத்ததை நாம் பல மறையுரைகளில் கண்டித்திருக்கிறோம். இங்கே அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே கடன்பட்டு நிலம் வாங்கிய உழவரைத் திடீரென வீழ்த்தாதிருக்க இதுவே எளிய வழி என்றனர். எளிய வழி என்பது உண்மை. அளவைத் தொடங்கும் ஆண்டு எது என்பது கணக்காளரின் முடிவுபோலத் தோன்றினாலும், அதில்தான் நீதி நின்றது.

இன்னொன்றும் உண்டு. ஏரியின் தெளிவை அளக்கலாம். ஒரு பண்ணையின் மண்ணடியில் கசிவதை எவரும் நேரே அளந்துவிட முடியாது. மாட்டின் எண்ணிக்கை, உரம், மழை ஆகியவற்றைக் கொண்டு கணினி மாதிரி ஒன்று மதிப்பிட்டுச் சொன்னது. அம்மாதிரியின் மதிப்பீடுகளில் நம்பிக்கை கொள்ள இயலவில்லை என்று அரசு அமைத்த அறிவியல் ஆய்வுக்குழு 2021-இல் தெரிவித்தது. எல்லைக்கல் நின்ற இடமே ஐயமாகிவிட்டால் உழவர் என்ன செய்வார்?

என்னிடம் வந்தவர் நான்கடியை விட்டுக்கொடுத்தார். அதில் அவர் வைத்திருந்த இரண்டு தென்னைகள் அப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருந்தன. அவை யாருக்கு என்று திரும்பவும் வந்து கேட்டார். உடனே பதில் சொல்ல எனக்கு முடியவில்லை.