தூது போன வாத்தியார்

மாணவன் தன்னைத் தாண்டிப் போன பிறகு வாத்தியாருக்கு என்ன வேலை மிச்சம்? "என்னிடம் படித்தவன்" என்று சபையில் சொல்லிக்கொள்வதோடு நின்றுவிடுகிறவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். லெயோபோல்ட் மோட்சார்ட் அப்படி நிற்கவில்லை.

1780 நவம்பர். அவருடைய 24 வயது மகன் வோல்ஃப்காங், மியூனிக்கில் 'இடொமெனியோ' ஆப்பெராவுக்கு இசை எழுதுகிறார். பாட்டெழுதிய வரெஸ்கோ பாதிரியார் இருப்பது சால்ஸ்பர்க்கில். நடுவில் அப்பா. வயலின் பயிற்சி நூல் எழுதிப் பேர்பெற்றவர், மகனுக்கு அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுத்தவர். இப்போது தூது போகிறார். இந்த வரி நீளம், இங்கே பாட்டு வேண்டாம் என்று மகன் எழுதுவதைப் பாதிரியாரிடம் கொண்டுபோய், அவருடைய முணுமுணுப்பையும் வாங்கிக்கொண்டு, திருத்தத்தை அடுத்த தபாலில் அனுப்புகிறார்.

புத்திமதியையும் விடவில்லை. இசை தெரிந்தவர் பத்துப் பேர் என்றால் தெரியாதவர் நூறு பேர், அந்த நீளக்காதுகளும் கொஞ்சம் குளிரட்டும் என்று எழுதினார். என் ஆப்பெராவில் எல்லாருக்கும் இசை உண்டு, நீளக்காதுகளுக்கு மட்டும் கிடையாது என்று பதில் வந்தது. (மகன் பிழைக்க வேண்டுமே என்ற கவலை அப்பாவுக்கு. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

மூன்றாம் அங்கத்தில் பூமிக்கடியிலிருந்து ஒரு தெய்வக்குரல் எழும். அது பேசிக்கொண்டே போனால் யார் நம்புவார்கள், ஹாம்லெட்டில் வரும் ஆவிகூடக் குறைவாகப் பேசியிருந்தால் இன்னும் பலித்திருக்கும் என்பது மகனின் வாதம். பாதிரியார் குறைத்து அனுப்பியதும் போதவில்லை, மகனே வெட்டினார். அந்தக் குரலுக்கு அடியில் கனத்த காற்றுக்கருவிகள் ஒலிக்கலாம் என்றார் அப்பா. மூன்று டிராம்போன், இரண்டு ஹார்ன் மட்டும், அவையும் குரல் வரும் இடத்திலேயே என்று எழுதினார் மகன். யோசனை யாருடையது என்று பங்கு பிரிப்பது எனக்கு அற்பமாகப் படுகிறது. விஷயம் தெரிந்த ஒருவருக்கு விளக்கி எழுதும்போதுதான் தனக்கு என்ன வேண்டும் என்பது எழுதுகிறவனுக்கே துலங்குகிறது.

1781 ஜனவரி 29 அன்று ஆப்பெரா அரங்கேறியது. அப்பாவும் மியூனிக் போய்ச் சேர்ந்திருந்தார். சில மாதங்களில் மகன் சால்ஸ்பர்க் ஆர்ச்பிஷப்பிடம் பார்த்துவந்த வேலையை உதறிவிட்டு வியன்னாவில் தங்கிவிட்டார். அப்பாவுக்கும் மகனுக்கும் மனக்கசப்பு. அடுத்த ஆப்பெராவுக்குப் பாட்டெழுதிய ஸ்டெஃபானி வியன்னாவிலேயே இருந்தார், தூதுக்கு அவசியமில்லை. ஆனாலும் ஒஸ்மின் என்ற பாத்திரத்தின் கோபம் எல்லை மீறும் இடத்தில் இசை எந்தச் சுருதிக்குத் தாவுகிறது, ஏன் வெகுதூரம் தாவவில்லை என்றெல்லாம் செப்டம்பரில் சால்ஸ்பர்க்குக்கு விரிவாகக் கடிதம் போனது.