ரூபாய் வச்சு ஆடினா ருசி கூடுமா?



"சும்மா ஆடினா போர் அடிக்குது ப்ரோ. ஒரு 200 ரூபா வச்சு ஆடிப் பாருங்க, அப்பத்தான் கிக்கே!"

ஸ்னூக்கர் பார்லர் பக்கம் போற யாரும் இதை ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க. நான் காலேஜ் முதல் வருஷத்துல இருந்து ஆடறேன். பெரிய ஸ்னூக்கர் டேபிள் இல்ல. 15 பந்து, கடைசியா கறுப்பு 8-ஐப் போடற எய்ட் பால். இந்த வசனத்தை எத்தனை பேர் வாயில கேட்டேன்னு கணக்கே கிடையாது.

‘சூதாட்டம் தப்பு’ன்னு ஒரே வரியில எழுதி, நாலு பேருக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டுப் போயிடலாம்தான். ஆனா கேட்கிறவன் முட்டாள் இல்ல. அவன் சொல்றதுல ஒரு உண்மை இருக்கு. அதை ஒத்துக்கிட்டாத்தான் மேல பேச முடியும்.

காசு வச்சா கவனம் வருது. அதுதான் அந்த உண்மை. சும்மா ஆடும்போது ஒரு கண்ணு போன்ல இருக்கும். சுலபமான பந்து தவறினா சிரிச்சுக்கிட்டே நகர்ந்துடுவோம். 200 ரூபா நடுவுல வந்ததும் போன் பைக்குள்ள போயிடுது. க்யூ நுனியில சாக் தேய்க்கிறது நிதானமாகுது. இந்தப் பந்து விழுந்தா அடுத்ததுக்கு வெள்ளைப் பந்து எங்க நிக்கணும்னு மூளை ஓடுது. கறுப்புப் பந்து பாக்கெட் வாயில ஆடி நிக்கும்போது நெஞ்சு அடிச்சுக்கிற சத்தம் நமக்கே கேட்குது. இது எதுவும் பொய் இல்ல.

புதுசும் இல்ல. சின்ன வயசுல கோலி ஆடி, ஜெயிச்ச கோலியை டவுசர் பை கிழியற அளவுக்கு அள்ளிட்டு வந்தவங்கதானே நாம. தெரு கிரிக்கெட்ல ‘பெட் மேட்ச்’னு சொன்னாலே அன்னைக்கு மட்டும் எல்லாரும் நேரத்துக்கு வருவாங்க.

இந்த மேஜை ஆட்டங்களோ காசோட மடியிலதான் பிறந்துச்சு. ஸ்னூக்கர் உருவான கதையைப் பாருங்க. 1875-ல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் பொழுது போகாமல் பில்லியர்ட்ஸ் மேஜையில் பந்தயம் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு இத்தனை ‘உயிர்’, ஆளுக்கு இவ்வளவு பணம் என்று பொதுவில் போட்டுவிட்டு, கடைசியில் மிஞ்சுகிறவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும் ஆட்டமும் அந்தக் காலத்தில் உண்டு. அந்த அதிகாரிகளில் நெவில் சேம்பர்லின் என்பவர் (பிரதமரா இருந்தவர் இல்ல, இவர் வேற) புதுசாகக் கலர் பந்துகளைச் சேர்த்தார். அதுதான் ஸ்னூக்கர். பிறகு அவர் நம்ம ஊட்டிக்கு வந்தார். 1880-களில் விதிகள் எழுதப்பட்டு மாட்டப்பட்டது ஊட்டி கிளப்பில்தான்.

எய்ட் பால் ஆட்டத்தோட குடும்பப் பேரும் அப்படித்தான். ‘கார் பூலிங்’ல வர்ற அதே சொல்தான் அது. எல்லாரும் காசு போட்டு வைக்கிற பொதுப் பந்தயப் பணத்துக்குப் பேரு. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் கூடங்களை அந்தப் பெயரில் அழைத்தார்கள். ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் நடுவே ஆட்கள் கிளம்பிப் போய்விடாமல் இருக்க அங்கே பில்லியர்ட்ஸ் மேஜை போட்டு வைத்தார்கள். கூடத்தின் பெயர் கடைசியில் ஆட்டத்துக்கே ஒட்டிக்கொண்டது. அதனால ‘காசு வச்சு ஆடறது அந்த ஆட்டத்தைக் கெடுக்க வந்த கலிகாலம்’னு யாராவது சொன்னா, வரலாறு அவங்க பக்கம் இல்ல.

சரி, கவனம் வருது. கவனம் வந்தா சந்தோஷமும் வந்துடுமா? பரீட்சை ஹால்லயும்தான் கவனம் இருக்கு. பைக்ல லாரியை ஓவர்டேக் பண்ணும்போதும் இருக்கு. யாரும் அதை அனுபவிச்சேன்னு சொல்றதில்ல. கவனம் ஒரு கதவு. அது எந்தப் பக்கம் திறக்குதுன்னு பார்க்கணும்.

என் கண்ணுக்குப் பட்டதைச் சொல்றேன். நல்லா ஆடற ஒருத்தன் கூட ஆடறோம். நேர் வழி அடைஞ்சிருக்கு. அவன் குனிஞ்சு, குஷன்ல மோதவிட்டு, பந்தைக் குறுக்கே கொண்டு வந்து நடு பாக்கெட்ல போடறான். சும்மா ஆடற நாளா இருந்தா நம்ம வாய் தன்னால ‘டேய்!’னு கத்தும். க்யூவைத் தரையில தட்டுவோம். அந்த ஷாட் அவன் அடிச்சது. ஆனா சந்தோஷம் ரெண்டு பேருக்கும்.

அதே ஷாட்டை 500 ரூபா வச்ச ஆட்டத்துல அடிக்கட்டும். அதே கோணம், அதே அழகு. நம்ம முகம் மட்டும் இருண்டு போகுது. இது மட்டும்னா பரவாயில்ல. அவன் குனிஞ்சு குறி பார்க்கும்போதே மனசுக்குள்ள ‘முருகா, மிஸ் ஆகணும்’னு ஓடுது பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. கூட ஆடறவன் தப்பா அடிக்கணும்னு சாமிகிட்ட மனு போடறோம். ஒரு ஆட்டத்துல பாதி நேரம் மேஜை அவன் கையில. அந்தப் பாதியை ரசிக்கிற கண்ணைக் காசு வாங்கிக்கிட்டுப் போயிடுது. மீதிப் பாதியில கிக் கூடுதுங்கிறது வாஸ்தவம். ஆனா கூட்டிக் கழிச்சுப் பார்த்தா கணக்கு உதைக்குதே!

இதைவிடப் பெரிய இழப்பு ஒண்ணு இருக்கு. ஸ்னூக்கர்ல ஒரு பழைய வழக்கம்: சட்டை நுனியோ கையோ பந்துல லேசாப் பட்டுட்டா, நடுவர் பார்க்கலைன்னாலும் ஆடறவரே நிமிர்ந்து ‘ஃபவுல்’னு சொல்லிடுவார். உலக அளவு போட்டியிலும் இதைப் பார்க்கலாம். நம்ம பார்லர்ல நடுவரே கிடையாது. முழுக்க முழுக்க ரெண்டு பேரோட வாய் வார்த்தையில நடக்கிற ஆட்டம். சும்மா ஆடும்போது ‘டேய், பட்டுச்சுடா, நீ ஆடு’ன்னு சொல்றதுக்கு ஒரு நொடி ஆகாது. 1000 ரூபா இருக்கும்போது அந்த ஒரு நொடி ரொம்ப நீளமாகுது. சொல்றவங்க இல்லாம இல்ல, இருக்காங்க. ஆனா எதிராளி நம்மளை நம்பாம, மூணாவதா ஒருத்தனைப் பக்கத்துல நிக்க வச்சு ‘பார்த்துக்கடா’ன்னு சொல்றான் பாருங்க, அதுக்கு அப்புறம் அந்த மேஜையில நடக்கிறது வேற ஏதோ.

"இது லக் இல்லையே ப்ரோ, திறமைதானே? திறமைக்குக் காசு வச்சா அது எப்படி சூது?" இந்தக் கேள்வியும் வரும். சட்டமும் இதைச் சுத்திச் சுத்தித்தான் வந்துச்சு. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்னு உச்ச நீதிமன்றம் 1968-லயே சொல்லிடுச்சு. 2025-ல் நாடாளுமன்றம் கொண்டு வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டமோ, காசு கட்டி ஆடறதுன்னா திறமையோ அதிர்ஷ்டமோ எதுவானாலும் தடைன்னு எடுத்துக்கிச்சு. அது வக்கீல்கள் பாடு.

நான் கேட்கிறது இதுதான். உண்மையிலேயே திறமைன்னா யார் ஜெயிப்பாங்கன்னு நம்ம ரெண்டு பேருக்கும் முன்னாடியே தெரியும். தெரிஞ்சே பலவீனமானவன்கிட்ட காசு வச்சு ஆடறதுக்குப் பேரு பந்தயம் இல்ல, வசூல். ‘சரி, உனக்கு ரெண்டு பந்து விட்டுத் தர்றேன்’னு சமன் பண்ணினா, ரெண்டு பேரும் பாதிக்குப் பாதி ஆகிடறாங்க; அப்ப முடிவைத் தீர்மானிக்கிறது அன்னைய அதிர்ஷ்டம். சுத்தி வந்து அதே இடம்!

இந்தச் சமன் பண்ற பேரத்துலதான் இன்னொரு கூத்து. நிறைய விட்டுத் தரணும்னா நாம கம்மியா ஆடறவன் மாதிரித் தெரியணும். அதனால வேணும்னே ரெண்டு பந்தைத் தவற விடறது, தப்புக் கோணத்துல நிக்கிறது. மாசக்கணக்குல பழகின கையை ஒளிச்சு வச்சுக்கிட்டு ஆடற ஆட்டத்துல என்னங்க சந்தோஷம்? பாட்டு நல்லாத் தெரிஞ்சவன் வேணும்னே அபஸ்வரம் பாடற மாதிரி.

1961-ல் வந்த ‘தி ஹஸ்ட்லர்’ படம் பார்த்திருக்கீங்களா? பால் நியூமேன் நடிச்சது. அதுல ஒரு ராத்திரி முழுக்க ஆட்டம். ஹீரோ ஜெயிச்சுக்கிட்டே வர்றான், பல ஆயிரம் டாலர் சேர்ந்துடுச்சு. கூட வந்தவன் போதும் வான்னு கெஞ்சறான். இவன் எழுந்திருக்கல. எதிராளி வாயால முடிஞ்சுதுன்னு சொல்லணுமாம். விடிஞ்சும் ஆடி, கடைசியில எல்லாம் போச்சு. தருமர் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது தெரியாததா! வள்ளுவர் சூதுக்குன்னு தனி அதிகாரமே வச்சார். அதுல எடுத்த எடுப்புலயே அவர் எச்சரிக்கிறது தோல்வியைப் பத்தி இல்ல, வெற்றியைப் பத்தி. மேஜை பக்கம் நின்னு பார்த்தவங்களுக்கு அது ஏன்னு புரியும். தோத்தவனாவது காசு தீர்ந்ததும் வீட்டுக்குப் போவான்.

இப்ப அந்த முதல் வசனத்துக்கு வர்றேன். ‘சும்மா ஆடினா போர்.’ போர் அடிச்சதாலதான் காசு வச்சோம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. காசு வச்சுப் பழகினதாலதான் சும்மா ஆடறது போர் அடிக்குதோன்னு எனக்கு ஒரு சந்தேகம். 1971-ல் எட்வர்ட் டெசி என்ற உளவியல் ஆய்வாளர், மாணவர்களிடம் ஒரு கட்டைப் புதிரைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு குழுவுக்கு மட்டும், நடுவில் ஒரு கட்டத்தில், புதிருக்கு ஒரு டாலர் தருவதாகச் சொன்னார். அடுத்த கட்டத்தில் காசை நிறுத்தியதும், யாரும் கேட்காத ஓய்வு நேரத்தில் அவர்கள் அந்தப் புதிரைத் தொடும் நேரம் குறைந்தது. கூலியும் பந்தயமும் ஒண்ணு இல்லதான். இதை அப்படியே தூக்கி இங்க வைக்க முடியாது. ஆனா ஏற்கெனவே பிடிச்ச ஒண்ணுக்கு விலைச்சீட்டு ஒட்டினா, சீட்டைக் கிழிச்ச பிறகும் பசை போக மாட்டேங்குது.

உலகத்துலயே இந்த ஆட்டத்தை நல்லா ஆடறவர்கிட்டயும் இந்தப் பசையைப் பார்க்கலாம். ஸ்னூக்கர்ல ஒரே மூச்சில் எடுக்கும் முழு ஸ்கோர் 147. 2010-ல் கிளாஸ்கோவில் ரானி ஓ’சல்லிவன் பந்துகளைப் போடத் தொடங்கிய கொஞ்சத்திலேயே, 147-க்கு என்ன பரிசு என்று நடுவரிடம் கேட்டார். தனிப் பரிசு இல்லை என்று தெரிந்தும் தொடர்ந்து ஆடி, கடைசிக் கறுப்புப் பந்தை மட்டும் அடிக்காமல் கை குலுக்கப் போய்விட்டார். ரசிகர்களுக்காகவாவது அடியுங்கள் என்று நடுவர் சொன்ன பிறகுதான் அடித்தார். 2016-ல் வெல்ஷ் ஓப்பனில் பரிசு 10,000 பவுண்டுதான், அது கம்மி என்று வேண்டுமென்றே மாற்றி அடித்து 146-ல் நிறுத்தினார். கூட்டம் சிரிச்சு ரசிச்சுது, அவர் குறும்பு அப்படி. எனக்கு மட்டும் அந்த வீடியோ பார்க்கும்போதெல்லாம் மனசு ஆறல. கைக்கு எட்டின பூரணம் அது! அதுக்குப் போய் ரேட் பேசலாமா?

இந்தப் பக்கம் வில்லி மோஸ்கோனி. 1954-ல் ஓஹாயோவில் ஒரு கண்காட்சி ஆட்டத்தில் தவறவே விடாமல் தொடர்ந்து 526 பந்துகள் போட்டார். பந்தயம் எதுவும் கிடையாது. அந்த எண்ணை ஒருவர் தாண்ட 2019 வரை ஆனது. காசுதான் கவனத்தைக் கொண்டு வரும்னா, அந்த 526-க்கு எங்கிருந்து வந்துச்சு கவனம்?

போட்டியில பரிசுப் பணம் வாங்கறதை நான் இதோட சேர்க்கல. அந்தப் பணம் எதிர்ல ஆடறவனோட பர்ஸ்ல இருந்து வர்றதில்ல. அவன் வீட்டு வாடகை அதுல இல்ல. தோத்தவன் டீ வாங்கித் தரணும்ங்கிறதையும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்த டீயை ரெண்டு பேரும்தானே குடிக்கிறோம்.

‘தோத்தவன் டேபிள் காசு கட்டணும்’னு ஒரு வழக்கம் எல்லா பார்லர்லயும் இருக்கு. பார்க்க நியாயமாத்தான் தெரியும். ஆனா நாலு பேர் செட்டுல யார் சுமாரா ஆடறானோ அவன்தான் மாசம் பூரா எல்லாருக்கும் வாடகை கட்டறான். மூணாவது வாரம் ‘இன்னைக்கு வேலை இருக்குடா’ம்பான். அஞ்சாவது வாரம் போனையே எடுக்க மாட்டான். எங்க செட்டுலயும் ஒருத்தன் அப்படி நழுவ ஆரம்பிச்சான். இப்பல்லாம் உள்ள போகும்போதே நாலு பேரும் சமமாக் காசு போட்டுடறோம். தோத்தவனுக்கு அடுத்த ஆட்டத்துல பிரேக் அடிக்கிற உரிமை, அவ்வளவுதான்.

அவன் திரும்ப வர்றான். போன சனிக்கிழமை விடாம அஞ்சு பந்து போட்டான். அவனுக்கே நம்ப முடியல. நாங்க மூணு பேரும் க்யூவைத் தரையில தட்டின தட்டுல பக்கத்து டேபிள்ல ஆட்டம் நின்னுடுச்சு. அங்க இருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, எவ்வளவு பெட்டு?"ன்னு கேட்டார்.

ஒண்ணும் இல்லைன்னு சொன்னோம். அவர் நம்பல.