ஆடையா, அடிமைச் சின்னமா?

பழமையைச் சாடுவோர் நாம். பாட்டி உடுத்தினாள் என்பதற்காகவே பேத்தியும் உடுத்த வேண்டும் என்று எவரேனும் கூறினால், ஏன் என்று கேட்போர் நாம். அத்தகைய நாம், குவாத்தமாலா நாட்டு மாயா இனப் பெண்கள் இடையில் சுற்றிக் கட்டும் பழைய கைத்தறி ஆடைக்காகப் பரிந்து பேசலாமா? பேசலாம், பேசவும் வேண்டும்.

'கோர்ட்டே' என்பது அந்த ஆடையின் பெயர். நூலை ஆங்காங்கே இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்த்து, கட்டவிழ்த்துத் தறியேற்றி நெய்வர். சல்காஹா என்னும் ஊர் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. அந்த நீண்ட துணியை இடையில் சுற்றி, வண்ணக் கச்சையால் இறுக்குவர்.

அந்த வண்ணத்தைக் காட்டித்தான் வெளிநாட்டாரை வருக வருக என்று அழைக்கிறது குவாத்தமாலா. விளம்பரத் தாளில் ஆடைக்கு வரவேற்பு. உடுத்திய பெண்ணுக்கோ? 2002-ஆம் ஆண்டு, தலைநகரின் மதுக்கூடம் ஒன்றின் வாயிலில், கோர்ட்டே உடுத்தியிருந்தார் என்பதற்காகத் தடுக்கப்பட்டார் இர்மா அலிசியா வெலாஸ்கெஸ் நிமாதுஹ். அவர் மானிடவியல் அறிஞர்! கற்றவருக்கே இக்கதியென்றால், காட்டிலும் மேட்டிலும் உழைப்பவள் கதி என்ன? அவர் எழுப்பிய கண்டனக் குரல் வீண்போகவில்லை. இன ஒதுக்கலைக் குற்றமாக்கும் சட்டப்பிரிவு அவ்வாண்டே பிறந்தது.

அதற்கு முன்னரோ, ஆடை உயிருக்கே உலை வைத்தது. 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் மாண்டோரும் காணாமற்போனோரும் இரண்டு இலட்சத்துக்கு மேல். அடையாளம் காணப்பட்டோரில் நூற்றுக்கு 83 பேர் மாயா இனத்தவர் என்று 1999-இல் உண்மை அறியும் ஆணையம் உரைத்தது. ஆடையே தம்மைக் காட்டிக்கொடுக்கும் என்று அஞ்சிய பெண்கள் பலர், அதைக் களைந்து மறைந்து வாழ்ந்தனர். அதைச் சீர்திருத்தம் என்று எவரேனும் செப்புவரோ? அது அச்சம் செய்த வேலை.

இனி, மரபின் காவலரைக் கேட்கிறோம். பல ஊர்களில் ஆடவர் காற்சட்டைக்கு மாறி நெடுநாளாயிற்று. மரபைச் சுமக்கும் கடமை மங்கையர்க்கு மட்டும்தானா? தூய தொன்மை என்பீராயின், காலால் மிதித்துக் கோர்ட்டே நெய்யும் தறியே ஸ்பானியர் கொண்டுவந்ததன்றோ! தொன்மையால் மட்டும் அதற்குப் பெருமை வந்துவிடவில்லை. உழைத்து நெய்தவரின் திறனாலும், விரும்பி உடுத்துபவளின் மானத்தாலும் வந்த பெருமை அது.

களைந்தெறி என்று மிரட்டுவதும், களையாதே என்று கட்டளையிடுவதும், அவளுக்கென ஓர் அறிவு உண்டு என்பதை மறுப்பதேயாகும். விட்டுவிடும் உரிமை பெற்றவள் விரும்பி உடுத்தினால் அது ஆடை. அவ்வுரிமை இல்லாதவள் உடுத்தினால், எத்துணை எழிலுடையதாயினும், அது விலங்கு.