பார்வையாளர் ஆசனம்

'கொலைகாரனுக்காக வாதாட ஒரு வக்கீலுக்கு எப்படித்தான் மனம் வருகிறது?' என்று கேட்காதவர்கள் நம்மில் குறைவு. நானும் கேட்டதுண்டு. டி. என். பிரிட் என்ற ஆங்கிலேய பாரிஸ்டரின் வாழ்க்கையைப் படித்த பிறகு அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

1933-இல் ஜெர்மன் பார்லிமெண்டுக் கட்டடம் எரிந்தது. ஹிட்லர் அரசு கம்யூனிஸ்டுகள்மீது பழி சுமத்தியது. அந்தப் பழியை ஆராய லண்டனில் பல நாட்டுச் சட்ட நிபுணர்கள் கூடினார்கள். தலைமை வகித்த பிரிட், அரசின் பேச்சை நம்ப மறுத்தார்.

1952-இல் கென்யாவில், மௌ மௌ இயக்கத்தை நடத்தியதாக ஜோமோ கென்யாட்டாமீது வழக்கு. கபெங்குரியா என்ற ஒதுக்குப்புற ஊரில், பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் விசாரணை. அங்கும் பிரிட் போய் வாதாடினார். பலனில்லை, ஏழு வருஷக் கடுங்காவல். 1958-இல் முக்கிய சாட்சி, தாம் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தார். அப்படி எழுதியதே பொய் என்று அரசு அவர்மீது வழக்குப் போட்டது. தமக்கு எதிராகச் சாட்சி சொன்ன அந்த மனிதருக்காகவும் பிரிட் வாதாடினார்!

இவ்வளவுதான் என்றால் கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் 1936 இருக்கிறதே! மாஸ்கோவில் ஜினோவியேவ், காமெனெவ் உட்பட 16 பேர் கூண்டில் நின்றார்கள். அவர்களுக்காகப் பேச ஒரு வக்கீல்கூட இல்லை. அனைவருக்கும் மரண தண்டனை. பார்வையாளராக உட்கார்ந்திருந்த பிரிட், விசாரணை நியாயமாகவே நடந்தது என்று எழுதினார். 1988-இல் ஸோவியத் சுப்ரீம் கோர்ட்டே அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது. அதைக் காண அவர் உயிருடன் இல்லை; 1972-இல் காலமாகிவிட்டார்.

அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. நம்பினார், அதுதான் பயங்கரம். கென்யாவில் சந்தேகிப்பது அவர் கடமை. மாஸ்கோவில் அந்தக் கடமை இல்லை. அரசோ அவர் மனத்துக்கு உகந்த அரசு. அவ்வளவு கெட்டிக்காரரே ஏமாந்தார் என்றால், நம் போன்றவர்கள் எம்மாத்திரம்? நல்லவர்களின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பிக் கூண்டில் நிற்பவனை விட்டுவிட முடியாது. குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கும் ஒரு வக்கீல் வேண்டும் என்பது இதனால்தான்.

எனக்கு வேண்டியவரைப் பற்றி யாராவது குறை சொன்னால் ஆயிரம் ஆதாரம் கேட்கிறேன். வேண்டாதவரைப் பற்றி என்றால் ஒரு வார்த்தை போதும், தலையை ஆட்டிவிடுகிறேன். அந்தப் பார்வையாளர் ஆசனத்தில் நானும் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன்.