கைக்குட்டை பிடித்த இடம்

வீடுகளில் திண்ணை அற்றுப்போன மாநகரில், முதியோருக்கு எஞ்சியுள்ள திண்ணை பூங்காவே எனலாம். சென்னை மயிலாப்பூரில், லஸ் சர்ச் சாலையை ஒட்டிய நாகேஸ்வரராவ் பூங்கா அத்தகையது. அமிர்தாஞ்சனைத் தோற்றுவித்த நாகேஸ்வரராவ் பந்துலுவின் பெயரைத் தாங்கிய அப்பூங்காவுக்கு, அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் சென்றோம்.

மூவர் அமரும் இருக்கையில் இருவர் முன்னரே இருந்தனர் என்று கொள்ளும்படி, ஒரு முனையில் அன்பர் ஒருவரும் மறுமுனையில் நாமும் அமர்ந்திருந்தோம். வரவிருந்த நண்பருக்காக நடுவில் நமது கைக்குட்டையை விரித்திருந்தோம். கைத்தடியூன்றிய முதியவர் ஒருவர் வந்து நின்றார்.

“ஆள் வர்றாங்களா?” என்றார்.

“ஆமாம்” என்றோம்.

அவர் மறுமொழி கூறாது அப்பால் நடந்து, நடைபாதையின் விளிம்புக் கல்லில் சிரமத்துடன் குந்தினார். அரைமணி கழித்து, வர இயலவில்லை என்று நண்பரிடமிருந்து கைப்பேசியில் செய்தி வந்தது. நிமிர்ந்து நோக்கினோம், முதியவரைக் காணோம்.

முந்தியவருக்கே இடம் என்னும் வழக்கை நமக்குத் துணையாக அழைக்கலாம். மினாவில் தங்களுக்கு நிழல் தரும் கட்டடம் ஒன்று எழுப்பலாமா என்று கேட்கப்பட்டபோது பெருமானார் (ஸல்) அவர்கள் மறுத்து, மினா முந்தி வந்தவர் தங்குமிடம் என்று கூறியதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி திர்மிதீயில் உள்ளது. ஆனால், ஆழ்ந்து நோக்கின் அச்செய்தி நமக்குத் துணை நிற்கவில்லை. நம்மீதே குற்றஞ் சாட்டுகிறது. வராதவருக்கு இடம் பிடித்துவைப்பதைத்தானே அது மறுக்கிறது! எழுந்து சென்று திரும்புபவருக்கு அவ்விடத்தில் உரிமை உண்டென்று முஸ்லிம் நூலில் வருகிறது. வந்தே இராத நண்பருக்கோ அந்த உரிமையும் இல்லை. கைக்குட்டைக்குக் கால் வலிக்காது என்பதை அப்போது நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

சபைகளில் இடமளிக்குமாறு கேட்கப்பட்டால் இடமளியுங்கள் என்பது அல் முஜாதலா அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தரும் கட்டளை. பூங்கா ஒரு சபையா என்று வாதிடுவோரும் உளர். அவ்வாதம் நமக்குச் சுவைக்கவில்லை. வாதத்தில் வெல்வதால் அம்முதியவரின் முழங்கால் வலி குறையப்போவதில்லை.

இதனை அற்பம் என்று நண்பர் நகைத்தார். அற்பமாயின் நெஞ்சில் ஏன் தைத்துக்கொண்டிருக்கிறது? இறைவனுக்கும் நமக்கும் இடைப்பட்ட பிழையாயின் இரவின் தனிமையில் கையேந்தி அழலாம். மனிதருக்குரிய ஹக்கோ அவ்வாறன்று. உரியவரே பொறுத்தருள வேண்டும் என்பர் மார்க்க அறிஞர். அவர் எவ்வூரினரோ, எம்மதத்தினரோ அறியோம். கைத்தடியின் நுனியில் கறுப்பு ரப்பர் தேய்ந்திருந்தது ஒன்றே நினைவில் உள்ளது.

அதன்பின் மூன்று வெள்ளிக்கிழமைகள் அதே நேரத்தில் அதே இருக்கையருகே சென்று காத்திருந்தோம். அவர் வரவில்லை.